ஒரு நாளும் விடாத பக்கம்

என் அண்ணனுக்கு ஆபீசில் வைத்த பெயர் கிராஃப். "கிராஃப் வந்தாச்சா?", "கிராஃப் டீ குடிக்கப் போயிருக்கு" என்றுதான் பேசிக்கொள்வார்கள். முகத்துக்கு நேரேயும் அப்படியே கூப்பிடுவார்கள். அவன் கோபித்துக்கொண்டதே இல்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சின்ன வயதிலிருந்தே ஆள் அப்படித்தான். ஏழாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் தினமும் எத்தனை நிமிஷம் தாமதமாக வருகிறார் என்று ஒரு நோட்டில் எழுதி, ஆறு மாதத்துக்குக் கோடு போட்டு வைத்திருந்தான். திங்கட்கிழமைதோறும் கோடு மேலே ஏறியது. நோட்டு வாத்தியார் கையில் சிக்க, முதுகு வீங்கிப்போய் வீட்டுக்கு வந்தான். அவன் அழுதது அடிக்காக இல்லை. வாத்தியார் நோட்டைக் கிழித்ததில் கடைசி மூன்று வாரம் போய்விட்டதே என்று அழுதான். அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

படித்து முடித்து ஆற்று அளவை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தான். எங்கள் ஊர் ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மழை நின்று ஆற்றில் தண்ணீர் குறைந்தால் கடல்தண்ணீர் ஆற்றுக்குள் ஏறிவரும். கரையோரம் ஒன்பது மதகுகள். ஒவ்வொன்றிலும் ஒரு மீட்டர், தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று மணிக்கொரு தடவை அளந்து ஆபீசுக்கு அனுப்பும். அந்தக் கணக்கைப் பார்த்து, இன்றைக்கு எந்த மதகைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்று சொல்வது அண்ணன் வேலை.

இதை யார் கேட்பார்கள் என்றால், எங்களைப் போல மீன் குளம் வைத்திருப்பவர்கள். குளத்தில் பழைய தண்ணீரைக் கொஞ்சம் வெளியே விட்டு ஆற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் உள்ளே விட வேண்டும், அனேகமாகத் தினமும். எங்கள் மீன் நன்னீர் மீன். உப்பேறிய அன்று மதகைத் திறந்தால் அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் ஆறாவது மதகடியில் இரண்டு குளங்களை மீன் வளர்ப்போர் சங்கத்திடம் குத்தகைக்கு எடுத்திருந்தார். அந்த மதகின் சாவியும் அவரிடம்தான். எங்கள் குளத்தைத் தாண்டித்தான் பக்கத்து மூன்று குளங்களுக்கும் தண்ணீர் போகும் என்பதால் சங்கத்தில் ஒரு விதி உண்டு: ஆபீஸ் 'திறக்க வேண்டாம்' என்று சொன்ன நாளில் திறந்தவருக்குக் குத்தகை கிடையாது. நியாயமான விதிதான். நானே கையைத் தூக்கி ஆதரித்திருக்கிறேன்.

அண்ணன் இந்த வேலையைக் கம்ப்யூட்டரில் நோட்புக் என்ற ஒன்றில் செய்வான். பெயர்தான் நோட்புக். கணக்குப் போடும் கட்டளை, அதிலிருந்து வரும் எண்கள், கிராஃப், அவன் எழுதும் குறிப்பு எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே கோப்பில் இருக்கும். மதகுக்கு ஒன்றாக ஒன்பது நோட்புக். காலை ஆறு மணிக்கு ஆபீசில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாக ஓடவிட்டு, எண் எண்ணாகப் பார்த்து, கிராஃபை எடுத்து, யார் வேண்டுமானாலும் போனில் பார்க்கிற மாதிரி இன்டர்நெட்டில் ஒரு பிளாக்கில் ஏற்றுவான். ஆடம்பரம் எதுவும் இல்லாத பிளாக். செய்து வைத்த பக்கம் செய்து வைத்தபடியே கிடக்கும், யார் கேட்டாலும் அதையே எடுத்துக் காட்டும். மேலே தேதி, நடுவில் கோடு, கீழே அண்ணன் கைப்பட ஒரு வரி: 'உப்பு குறைவு. திறக்கலாம்.' இல்லையென்றால், 'திறக்க வேண்டாம்.'

அந்தப் பிளாக் வருவதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் மதகடியில் குனிந்து ஒரு சொட்டுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பார். அண்ணனுக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

"நாக்கு பொய் சொல்லும் மாப்பிள்ளை. வெத்தலைபாக்கு போட்டிருந்தா ஒண்ணு சொல்லும், காய்ச்சல்னா வேற சொல்லும். மீட்டர் அப்படி இல்ல" என்பான்.

அவரும் விட்டுவிட்டார். மச்சான் சொன்னால் அவருக்கு மறுபேச்சு கிடையாது.

ஆறு வருஷம் அண்ணன் ஒரு நாள் விடவில்லை. ஞாயிறு, விடுமுறை, காய்ச்சல் எதுவும் அவனுக்குக் கணக்கில்லை. அம்மா ஒரு விடியற்காலையில் போய்ச் சேர்ந்தாள். ஐந்து மணிக்கே போன் போட்டுவிட்டேன். அவன் வந்தது ஒன்பதரைக்கு. ஒன்பது மதகும் ஏற்றிவிட்டு வந்தான். எல்லோர் முன்னாலும் கேட்டேவிட்டேன்.

"அம்மாவை விட உனக்கு உப்பு பெருசாப் போச்சா?"

"இன்னைக்கு ஏறிட்டு இருக்கும்மா. போடலேன்னா யாராவது திறந்துடுவாங்க" என்றான்.

மூன்று மாதம் அவனோடு பேசவில்லை. அவன் சொன்னது சரி என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அண்ணி பொறுமைசாலி. கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்து ஓர் இரவு வெளியூரில் தங்கியதில்லை. அவளுடைய அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் வந்தது. நான்கு நாள் போய் இருக்க வேண்டும் என்று கேட்டாள். அண்ணன் கையைப் பிசைந்தான். நான் விடாமல் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"தினமும் அதே பட்டனைத்தானே தட்டற? மெஷின்கிட்ட கொடுத்துத் தொலைச்சா என்ன? அதுவா ஓடட்டும், அதுவா போடட்டும்."

"கண்ணால பாக்கணும்மா."

"ஆறு வருஷம் பாத்தியே, ஒரு நாளாவது தப்பு வந்துச்சா?"

அவன் யோசித்துப் பார்த்தான். வரவில்லை. இதைச் சொன்னது நான்தான். வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

மூன்று வாரம் உட்கார்ந்து செய்தான். காலை ஆறு மணிக்கு மெஷின் தானாக விழிக்கும். மீட்டர் அனுப்பியதை எடுக்கும். ஒன்பது நோட்புக்கையும் ஓட்டும். அவற்றைப் பக்கங்களாக மாற்றும். அன்றைய தேதியைத் தலையில் ஒட்டும். பிளாக்கில் ஏற்றும். கடைசி வரியையும் எண்ணைப் பார்த்து அதுவே எழுதிக்கொள்ளும். முதல் தடவை ஓடிய அன்று எனக்குப் போன் செய்தான். அவன் குரலில் அப்படி ஒரு குதூகலத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. "ரெண்டரை மணி நேர வேலை, நாலு நிமிஷம்" என்றான். பத்து நாள் பக்கத்திலேயே இருந்து பார்த்தான். எல்லாம் சரியாக வந்தது. பதினோராம் நாள் வியாழக்கிழமை, அண்ணியோடு பஸ் ஏறினான்.

அவன் செய்த ஒரு தவறை இங்கே சொல்ல வேண்டும். அதை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். அது அவனுடைய சுபாவத்திலிருந்தே வந்தது. ஒரு நோட்புக் ஏதாவது காரணத்தால் ஓடாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது? அந்தப் பக்கத்தைப் போடாமல் விட்டிருக்கலாம். பக்கம் இல்லையென்றால் நாங்கள் போன் போட்டிருப்போம். ஆனால் ஆறு வருஷமாக ஒரு நாள் விடாதவனுக்கு வெறும் பக்கம் என்பது மானப் பிரச்சினை. அதனால் நோட்புக் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அடுத்த வேலைக்குப் போ என்று மெஷினிடம் சொல்லிவைத்தான். நோட்புக் ஓடாதபோது அதில் கிடப்பது கடைசியாக ஓடிய நாளின் கிராஃப், கடைசியாக ஓடிய நாளின் வரி. மெஷின் அதையே பக்கமாக மாற்றி, தலையில் இன்றைய தேதியை ஒட்டி, சமர்த்தாக ஏற்றிவிடும்.

அவன் பஸ் ஏறியதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஆறாவது மதகின் மீட்டரை மாற்றினார்கள். பழையது துருப்பிடித்துவிட்டதாம். புது மீட்டரும் அதே உப்பைத்தான் அளந்தது. ஆனால் எண்களை வேறு தலைப்பின்கீழ் எழுதி அனுப்பியது. நோட்புக் பழைய தலைப்பைத் தேடியது, கிடைக்கவில்லை, நின்றுவிட்டது. வியாழக்கிழமை எங்கள் பக்கத்தில் வந்தது புதன்கிழமைக் கோடு. வெள்ளிக்கிழமை வந்ததும் அதே. கீழே, 'உப்பு குறைவு. திறக்கலாம்.'

வெள்ளிக்கிழமை கடல் பக்கமிருந்து காற்று பலமாக அடித்தது. ஆற்றில் உப்பு ஏறியது. அது எங்களுக்குத் தெரியாது. வெள்ளியும் சனியும் காலையில் வழக்கம்போல மதகைத் திறந்தோம்.

சனிக்கிழமை சாயங்காலம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. என் வீட்டுக்காரர் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கெட்டுப்போயிருக்கும், புதுத் தண்ணீர் நிறைய விட்டால் தெளிந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது. ஆனாலும் ஒரு சந்தேகம்.

"உங்க அண்ணனை ஒரு வார்த்தை கேட்டுடு. முழுசாத் திறக்கப் போறேன்" என்றார்.

போன் போட்டேன். அண்ணன் மாமியார் வீட்டு வாசலில் நின்று பேசினான். அண்ணி பின்னால் யாரோடோ சிரித்துக்கொண்டிருந்தது கேட்டது.

"இரு, பாக்கறேன்" என்றான். போனிலேயே தன்னுடைய பக்கத்தைத் திறந்தான். ஆறு வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தக் கோட்டைப் பார்த்தவன், அன்று மேலே தேதியைப் பார்த்தான், கீழே அந்த வரியைப் பார்த்தான். "இன்னைக்குத் தேதிதான். உப்பே இல்லம்மா. மாப்பிள்ளையைத் தைரியமாத் திறக்கச் சொல்லு."

நான் சொன்னேன். அவர் திறந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளத்தில் தண்ணீரே தெரியவில்லை. இரண்டு குளமும் வெள்ளை வயிறாகக் கிடந்தது. பக்கத்து மூன்று குளங்களிலும் அதே கதை. அவர் இறங்கிப் போய்த் தண்ணீரைக் கையில் அள்ளி வாயில் விட்டுத் துப்பினார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அண்ணன் அன்று மதியமே வந்துவிட்டான். குளத்துக்கு வரவில்லை, நேராக ஆபீசுக்குப் போனான். அவனைப் பொறுத்தவரை அதுதான் எங்களுக்குச் செய்கிற உதவி. மெஷின் எழுதி வைத்திருந்த குறிப்பைத் திறந்தான். ஆறாவது மதகு, தோல்வி. ஆறாவது மதகு, தோல்வி. நான்கு நாள், நான்கு வரி. தலைப்பு மாறியதைக் கண்டுபிடிக்க அவனுக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. திருத்தினான். பிறகு அந்த நான்கு நாட்களுக்கும் நோட்புக்கை முதலிலிருந்து ஓட்டினான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, நடந்ததை ஒன்று விடாமல் அவனே சொன்னான். தப்பு என்னுடையது என்று என் வீட்டுக்காரர் காலடியில் தரையில் உட்கார்ந்தான். அவர் அவனைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்.

மறுநாள் சங்கத்திலிருந்து ஆள் வந்தது. புதன்கிழமை விசாரணை, சாவியோடு வரச் சொன்னார்கள். அப்போது எனக்குப் பயமில்லை. ஆபீஸ் பக்கத்தில் திறக்கலாம் என்று போட்டிருந்தது, திறந்தோம். அதைக் காட்டினால் தீர்ந்தது. காட்டுவதற்காகப் போனை எடுத்தேன்.

வியாழக்கிழமைப் பக்கத்தில் வேறு கோடு. வெள்ளிக்கிழமை கோடு செங்குத்தாக ஏறியிருந்தது. சனிக்கிழமை இன்னும் மேலே. கீழே, 'உப்பு மிக அதிகம். திறக்க வேண்டாம்.'

அந்த நிமிஷமே அண்ணன் வீட்டுக்கு ஓடினேன்.

"பக்கத்தை மாத்தினியா?"

"ஆமா. திரும்ப ஓட்டினேன்ல. இப்ப சரியா இருக்கு."

"பழசு எங்க?"

அவன் என்னைப் பார்த்தான். பழையதன் மேலேயே புதியது உட்கார்ந்துவிட்டது. பழைய பிரதியை எடுத்து வைக்க மெஷினிடம் அவன் சொல்லவில்லை. அவன் செய்ததில் தப்பு வரும் என்று நினைத்திருந்தால் அல்லவா சொல்லியிருப்பான்.

"ஏன்டா மாத்தின?" வாழ்க்கையில் முதல் தடவையாக அவனை 'டா' போட்டேன்.

"தப்பான கோடு அங்க கிடக்குது. அதைப் பாத்துட்டு எப்படிம்மா சும்மா இருக்கறது?" என்றான். அவன் உண்மையாகவே அதைத்தான் நினைத்தான். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அல்ல. சாட்சி என்று ஒன்று வேண்டும் என யோசிக்கத் தெரிந்திருந்தால் அந்த நான்கு பக்கங்களைத் தொடாமல் இருந்திருப்பான், எங்களைக் காப்பாற்றியிருப்பான்.

சனிக்கிழமை அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைக்கும் புத்தி எனக்கு வரவில்லை. யாருக்கு வரும்? பக்கத்துக் குளத்துக்காரர்களைக் கேட்டோம். சாவி உங்களிடம் இருக்கிறது, நீங்கள் பார்த்துத் திறப்பீர்கள், நாங்கள் எங்கே பக்கத்தைப் பார்த்தோம் என்றார்கள். அண்ணனின் மேலதிகாரியிடம் ஒரு கடிதம் கேட்டோம். அவர் மறுக்கவில்லை, உடனே கொடுத்தார். 'மேற்படி நான்கு நாட்களுக்குரிய பக்கங்களைச் சரிபார்த்ததில், உரிய எச்சரிக்கை வெளியிடப்பட்டுள்ளது' என்று எழுதி, முத்திரை குத்தியிருந்தார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

புதன்கிழமை சங்கத்துக் கூடத்தில் நீள மேசை போட்டு ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் பெஞ்சுகளில் மீன் செத்தவர்கள். செயலாளர் நல்ல மனிதர், எங்கள் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டவர். தன் போனை என் வீட்டுக்காரர் முன்னால் நீட்டினார்.

"இதுல திறக்க வேண்டாம்னு போட்டிருக்கே. பாத்தீங்களா இல்லையா?"

"அன்னைக்கு அப்படிப் போடலைங்க. திறக்கலாம்னு இருந்துச்சு."

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அண்ணன் எழுந்தான். மீட்டர் மாறியது, நோட்புக் நின்றது, பழைய கோட்டில் புதுத் தேதி ஒட்டியது, பிறகு தானே திருத்தியது எல்லாவற்றையும் சொன்னான். நன்றாகத்தான் சொன்னான். ஆனால் அந்தக் கூடத்தில் பாதிப் பேருக்கு நோட்புக் என்றால் பள்ளிக்கூடத்து நோட்டு. மெஷின் எழுதிய நான்கு வரிகளையும் தாளில் எடுத்துக்கொண்டு வந்திருந்தான். செயலாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நீங்க டைப் அடிச்சதுன்னு ஒருத்தர் சொன்னா, நான் என்ன பதில் சொல்றது?"

"நான் ஏங்க பொய் டைப் அடிக்கணும்?"

"உங்க தங்கச்சி புருஷனாச்சே" என்றார் அவர், வருத்தமாகத்தான். "ஆறு வருஷமா அந்தப் பக்கத்துல ஒரு தப்பு வந்ததில்லன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். அது உங்க பேரு, நீங்க சம்பாதிச்சது. இன்னைக்கு இவருக்காக அதையே கெடுத்துக்கறீங்க. எனக்குப் புரியுது. ஆனா சங்கம் பக்கத்தைத்தான் நம்பும்."

அண்ணன் தாளைத் திரும்ப வாங்கி மடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவனுடைய ஆறு வருஷ உழைப்பு அவன் வாயை அடைத்தது.

என் வீட்டுக்காரர் எழுந்துபோய்ச் சாவியை மேசைமேல் வைத்தார்.

வெளியே வந்ததும் அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அவர் கையை உதறவில்லை. உதறியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அன்னைக்கு நீங்க சொன்னதை நான் நம்பினேன் மச்சான். இன்னைக்கு நீங்க சொன்னதை இவங்க நம்பல" என்றார். "ரெண்டும் எனக்கே வந்து விழுந்துச்சு."

அதன்பிறகு அவர் அண்ணனோடு பேசியதே இல்லை. சண்டை ஒன்றும் இல்லை. அவன் வந்தால் நாற்காலி எடுத்துப் போடுவார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். இப்போது ஐஸ் ஃபேக்டரியில் பெட்டி அடுக்குகிறார். அண்ணன் ஞாயிறுதோறும் வருகிறான். இப்போது அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, வேலையை மெஷின் பார்த்துக்கொள்கிறது. நோட்புக் நின்றால் பக்கம் போடாதே என்று மாற்றிவிட்டானாம், பழைய பிரதியும் எடுத்து வைக்கிறதாம். மேலதிகாரி பாராட்டி, மற்ற ஊர் ஆபீசுகளுக்கும் அதை அனுப்பச் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் அவன் என்னிடம் தலையைத் தூக்காமல் சொல்வான்.

எங்கள் குளத்தை வேறொருவர் எடுத்திருக்கிறார். போன வாரம் கடைத்தெருவில் என்னைப் பார்த்து நின்றார். விசாரணை அன்று பெஞ்சில் இருந்தவர். உங்கள் அண்ணன் பக்கம் இருக்கிறவரைக்கும் எனக்குக் கவலையில்லை, காலையில் அதைப் பார்த்துத்தான் மதகைத் தொடுகிறேன், உங்கள் வீட்டுக்காரரும் பார்த்திருக்கலாம் என்றார். நான் சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.